காணாமல் போனவர்கள்: இல்லை

திருவண்ணாமலையில் மலை சுற்ற வருகிறவர்களில் ஒருவர்கூடக் காணாமல் போவதில்லை. இதை நான் சொல்லவில்லை. பெரிய கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, லாரி நீளத்துக்கு ஒரு மின்பலகை வைத்து, மலைசுற்றுப் பக்தர் ஒருங்கிணைப்பு முகமை சொல்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனம் வந்து குவிகிறது. புருஷனை விட்டுப் பெண்டாட்டி பிரிகிறாள், பிள்ளையை விட்டுத் தகப்பன் பிரிகிறான். பிரிந்தவர்கள் வந்து அந்தப் பலகைக்கு அடியிலேயே நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்கள். தலைக்கு மேலே பச்சை எழுத்தில் ‘காணாமல் போனவர்கள்: இல்லை’ என்று நிம்மதியாக எரிகிறது.

அந்த ‘இல்லை’யை எரியவைக்கும் இடத்தில்தான் கோபி ஒப்பந்தத்தில் வேலை பார்த்தான். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா இல்லை. அம்மா எல்லம்மாளுக்குச் சர்க்கரை, காலையில் ஊசி போட்டாக வேண்டும். அவரைத் தனியே விட மனசில்லாமல் சென்னை வேலையை விட்டுவிட்டு, தினமும் பஸ்ஸில் வந்து போகிற தூரத்தில் ஒரு வேலை கிடைத்ததே என்று முகமையில் சேர்ந்தான். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு உள்ளூரிலேயே வேலை என்று தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எந்த மாதிரி வேலை என்று தெரிந்திருந்தால் துக்கம் விசாரித்திருப்பார்கள்.

வேலை இதுதான். விசில் என்று ஒரு மென்பொருள். கூட்டத்திலும் வெள்ளத்திலும் பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதற்காக, உலகத்தில் அங்கங்கே இருக்கிற சில நல்ல மனிதர்கள் சம்பளமில்லாமல் எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். முகமை எடுத்துக்கொண்டது. ‘அருள்வழி’ என்று பெயர் வைத்தது. விசில் என்ற பெயர் இருந்த இடத்தில் எல்லாம் இயக்குநர் ராஜமாணிக்கத்தின் படத்தை ஒட்டியது. முழுக்க முழுக்க நம் மாவட்டத்துத் தயாரிப்பு என்று பத்திரிகைகளுக்குச் செய்தியும் கொடுத்தது.

ஆனால் அந்த நல்ல மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. ஓட்டை தெரிந்தால் அடைக்கிறார்கள், புதிதாகச் சேர்க்கிறார்கள், அடிக்கடி புதுப் பதிப்பு விடுகிறார்கள். அதை நம் பிரதியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நாம் கை வைக்காத இடமாக இருந்தால் அது பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளும். அவர்களும் மாற்றி, நாமும் மாற்றிய இடமாக இருந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். உன்னுடையது வேண்டுமா, அவர்களுடையது வேண்டுமா என்று கேட்கும். நல்ல சட்டையைக் கிழித்து ஒட்டுப் போட்டுக்கொண்டவன், புதுச் சட்டை வரும்போதெல்லாம் அதையும் அதே இடத்தில் கிழித்து அதே ஒட்டைப் போடுவது மாதிரி. கிழிப்பதும் ஒட்டுவதும் கோபியின் வேலை.

“மேல இருந்து புதுசு வந்திருக்கு சார்” என்று அவன் முதல்முறை போய்ச் சொன்னபோது ராஜமாணிக்கம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“மேலன்னா யாருப்பா? மெட்ராஸா, டெல்லியா?”

“அப்படியெல்லாம் இல்ல சார். இதை முதல்ல எழுதினவங்க. நெட்ல சேர்ந்து எழுதறாங்க. முக்கியமா பாத்துக்கறவங்க போர்ச்சுகல்ல ஒரு லேடி. ரொட்டிக் கடையில வேலை செய்றாங்க. மத்த நேரத்துல இது.”

ராஜமாணிக்கம் மெதுவாக உட்கார்ந்தார். எழுந்து நின்றதை யாராவது பார்த்துவிட்டார்களா என்று கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“ரொட்டி சுடறவ மாத்துவா, அதை நம்ம ஏத்துக்கணுமா? சம்பளம் வாங்காதவ எழுதினதுக்கு என்னய்யா உத்தரவாதம்? நான் வாங்கறேன், அதனால நான் பொறுப்பா இருக்கேன். அவளுக்கு என்ன பொறுப்பு இருக்கு?”

பிறகு அந்தப் பெண்ணுக்கு முகமையிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. இனிமேல் விசிலில் எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும் முகமையின் முன் அனுமதியைப் பெற்றுச் செய்யுமாறு அதில் அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவர் அன்றைக்கே பதில் எழுதினார். நீங்கள் செய்த மாற்றங்கள் நன்றாக இருந்தால் அனுப்பி வையுங்கள், பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம், எல்லோருக்கும் பயன்படும் என்று. இதைப் படித்து ராஜமாணிக்கத்துக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, மாத்திரை போட்டுக்கொண்டு அரை நாள் லீவில் போனார்.

திரும்பி வந்ததும் ஒத்திசைவுக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர் துணை இயக்குநர் சந்திரகலா. மேலே இருந்து வருகிற ஒவ்வொரு மாற்றத்தையும் கோபி தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், குழு முடிவு செய்யும். முதல் கூட்டத்துக்கு வந்தது ஒரு சின்னத் திருத்தம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவருடைய விவரம் இன்னொருவருடையதை அழித்துவிடுகிறது, அதைச் சரிசெய்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அருணாசலம், அண்ணாமலை என்று பெயர் இருக்கிற இடத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று கோபி உற்சாகமாகச் சொன்னான்.

சந்திரகலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படின்னா இவ்வளவு நாளா நம்ம அருள்வழி தப்பா இருந்துச்சின்னு சொல்றீங்களா?”

“ஆமாம் மேடம். இப்ப சரி பண்ணிடலாம்.”

“சரி பண்ணா, தப்பா இருந்ததை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. சரி பண்ணாத வரைக்கும் தப்புன்னு யாரு சொல்லப் போறாங்க?”

அந்தத் திருத்தம் நிராகரிக்கப்பட்டது. அடுத்ததாக, பொத்தான்களின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றியிருந்தார்கள். அது ஒருமனதாக ஏற்கப்பட்டு, டீயும் மசால் வடையும் வந்தன. அன்று முதல் முகமையின் கொள்கை தெளிவாகிவிட்டது. உடையாததைச் சரிசெய்யும் மாற்றங்கள் வரலாம். உடைந்ததைச் சரிசெய்யும் மாற்றங்கள் வரக்கூடாது. அறிவுள்ள ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கென்று பதவியில் இருக்க வேண்டும்.

மேலிருந்து வருவதை இப்படி நிறுத்தியவர்கள், தாங்களாக மாற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. மலைப் பாதை நெடுக முகமைக்கு உதவி மையங்கள் இருந்தன; ஒரு பௌர்ணமியன்று ராஜமாணிக்கம் குபேர லிங்கத்துக்குப் பக்கத்திலிருந்த மையத்துக்குப் போனார். ஒரு ஆள் தன் தம்பியைத் தேடி வந்து நின்றான். தம்பி பின்னால் இருக்கிற மையத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று திரையில் வந்தது. அம்புக்குறி அவன் வந்த வழியையே திருப்பிக் காட்டியது. ராஜமாணிக்கம் அதையே வெறித்துப் பார்த்தார். மறுநாள் கோபியைக் கூப்பிட்டார்.

“மிஷின் பின்னாடி போகச் சொல்லுதுய்யா. இது என்னா ஊரு? இங்க யாராவது அப்பிரதட்சணமா சுத்துவாங்களா? வெள்ளைக்காரி எழுதினது, அவளுக்கு எங்க தெரியும் மலையோட மகிமை? பின்னாடி இருக்கற மையம் எதையும் காட்டக் கூடாது. வலமா மட்டும்தான் காட்டணும்.”

“சார், ஆளு நூறடி பின்னாடி இருந்தா?”

“முன்னாடியே போனா சுத்தி அங்கதானே வரும்? மலை எங்க ஓடிடப் போகுது?”

பதினாலு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு நூறடி பின்னால் போக வேண்டும். சரி, அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பிரிந்தவர்கள் ஒரே மையத்தில் உட்கார்ந்திருப்பது வலம் வருவதாகாது, அவர்களுக்கும் புண்ணியம் போய்ச் சேர வேண்டாமா என்று சந்திரகலாவுக்குத் தோன்றியது. எனவே மணிக்கொரு தடவை வேனில் ஏற்றி அடுத்த மையத்தில் இறக்க ஏற்பாடானது. தேடுகிறவர்களும் வலமாகப் போவார்கள், தேடப்படுகிறவர்களும் வலமாகப் போவார்கள். மையங்களில் வேலை பார்க்கிறவர்களின் கவனம் சிதறக் கூடாது என்று பணி நேரத்தில் அவர்களுடைய செல்போன்களும் வாங்கிவைக்கப்பட்டன. அருள்வழி காட்டுவதுதான் வழி.

காணாமல் போனவர் என்ற பிரிவையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ‘தனித்து வலம் வரும் பக்தர்’. காணாமல் போனவர் என்ற பிரிவே இல்லாததால் அதில் ஒருவரும் இல்லை. பலகையில் பச்சை எழுத்து வந்தது இப்படித்தான்.

இதையெல்லாம் எழுதியது கோபி. மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரி எழுதும்போதும் வாயில் கசப்பாக ஊறியது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டான், அடுத்த நாள் போய் மீதியை எழுதினான்.

சித்திரை முடிகிற சமயத்தில் விசிலில் ஒரு புதுப் பதிப்பு வந்தது. தேடப்படுகிறவர் ஊசியோ தொடர் மருந்தோ எடுத்துக்கொள்கிறவராக இருந்தால், அவர் பெயர் எல்லா மையங்களின் திரையிலும் சிவப்பில் முதலாவதாக வரும். எந்தத் திசையாக இருந்தாலும் வரும். பக்கத்து மருத்துவ முகாமுக்கும் தகவல் போகும். கோபி இதைப் படித்ததும் தன் அம்மாவைத்தான் நினைத்தான். குழுவின் முன்னால் போய்க் கெஞ்சினான்.

“சார், இதுக்கும் நம்ம வலம் மாத்தத்துக்கும் ஒத்துப்போகல. ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். இதை மட்டுமாவது எடுத்துக்கலாம் சார். ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருந்தா ஆளு விழுந்துடுவாங்க.”

“பாருப்பா கோபி,” என்றார் ராஜமாணிக்கம், பரிவாகத்தான். “நம்மகிட்ட வர்ற பக்தருங்க எல்லாம் ஆரோக்கியமா இருக்காங்கன்னு போன மாசம்தான் அறிக்கை கொடுத்திருக்கேன். இப்ப திரையில செவப்பா ஆளுங்க வந்தா நான் என்னா பதில் சொல்றது? அடுத்த பௌர்ணமிக்கு விருதுக் குழு வேற வருது. அதுக்கப்புறம் பாக்கலாம்.”

அடுத்த பௌர்ணமி வந்தது. வைகாசி வெயில். மத்தியானமே பாதை நிறைந்துவிட்டது. தார் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், அது ஊற்ற ஊற்றக் காய்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் மட்டும் ஏசி. விருதுக் குழுவினர் மூன்று பேர் சந்தன மாலையுடன் உட்கார்ந்திருக்க, ராஜமாணிக்கம் அவர்களுக்கு அருள்வழியை விளக்கிக்கொண்டிருந்தார். கோபி மூலையில் தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தான். அவனுடைய திரையில் மட்டும் எல்லா மையங்களும் தெரியும்.

போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பொன்னி. அம்மாவோடு மலை சுற்ற வந்தவர்.

“தம்பி, உங்கம்மா காணோம்ப்பா. அடி அண்ணாமலை வரிக்கும் கூடவேதான் வந்தாங்க. மோர் வாங்கிக்கினு திரும்பினா ஆளு இல்ல. நான் முன்னாடி போயிருப்பாங்கன்னு வாயு லிங்கம் வந்துட்டேன். பை எங்கிட்ட கீது. சாப்பாடு, போனு, எல்லாம் இதுலதான். காலீல ஊசி போட்டதுக்கு ரெண்டு இட்லி துன்னாங்க, அவ்ளோதான்.”

கோபி தேடினான். எல்லம்மாள், கீழ்பென்னாத்தூர், தனித்து வலம் வரும் பக்தர், அடி அண்ணாமலை மையம். பொன்னி நிற்கிற இடத்துக்கு முந்தின மையம். கூப்பிடு தூரம்.

“அத்தை, அம்மா உங்களுக்குப் பின்னாடிதான் இருக்காங்க. அடி அண்ணாமலையில. அப்படியே திரும்பிப் போங்க.”

“வுட மாட்டேன்றாங்களே. இங்க மிஷின்ல பாத்துட்டு, அப்படி யாரும் இல்ல, முன்னாடி போன்றான். திரும்பினா அட்டை மாட்டிக்கினு நிக்கறவன் கையக் குறுக்கால போட்டு, எதிர்ல வரக் கூடாதுன்றான். ஜனம் வேற தள்ளிக்கினே போவுது.”

கோபி எழுந்து ராஜமாணிக்கத்தின் காதோரம் போனான். “சார், எங்கம்மா சார். அடி அண்ணாமலையில தனியா இருக்காங்க. சர்க்கரை. சாப்பிடல. அந்த மையத்துக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்பணும் சார், இனிப்பு ஏதாவது குடுங்கன்னு.”

ராஜமாணிக்கம் விருதுக் குழுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார். “மையத்துக்கு மையம் தகவல் போறது வலமாத்தான் போகும்னு உனக்குத் தெரியாதா? அனுப்பு. சுத்தி வந்து சேரும்.”

“நானே போறேன் சார்.”

“ஆபீஸ் வண்டி வலமாத்தான் போகும். போ, வேணாம்னு சொல்லல. ஆனா நீ போயிட்டா இங்க திரையை யார் பாக்கறது? இவங்க முன்னாடி மானம் போகணுமா?”

கோபி திரும்பி வந்து பார்த்தபோது அம்மாவின் பெயர் அடி அண்ணாமலையில் இல்லை. மணி ஆகிவிட்டதால் வேனில் ஏற்றியிருந்தார்கள். வேன் வாயு லிங்கத்துக்குப் போனபோது பொன்னியை ஜனம் குபேர லிங்கம் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது.

அந்த வேனுக்குள் நடந்ததை எல்லம்மாள் பிறகு சொன்னதுதான். உள்ளே ஏற்கெனவே கருப்பன் என்று ஒரு பெரியவர் இருந்தார். கூட வந்த மகனை விடியற்காலையில் கூட்டத்தில் தவறவிட்டவர்.

“நீங்க எத்தினியாவது எடத்துல ஏறினீங்க?” என்று அவர் கேட்டாராம். “நான் ஒரு சுத்து முடிச்சி ரெண்டாவது போறேன். எறக்கறான், ஏத்தறான். எம்புள்ளயும் சுத்திக்கினுதான் இருப்பான். புண்ணியம் ஜாஸ்தி ஆயிடிச்சி, தண்ணிதான் கம்மி.”

எல்லம்மாளுக்குத் தலை சுற்றியது. ஜாக்கெட் நனைகிற மாதிரி வேர்த்தது. வாயு லிங்கத்தில் இறக்கியதும் அங்கே தொன்னையில் கொடுத்துக்கொண்டிருந்த சர்க்கரைப் பொங்கலைக் கேட்டார். மையத்திலிருந்தவர் திரையைப் பார்த்தார். “உங்களுக்கு சர்க்கரைன்னு போட்டிருக்கும்மா. பொங்கல் கிடையாது” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பெஞ்சில் படுக்கச் சொல்லி விசிறிக்கொண்டும் இருந்தார்.

 ஒரு மனுஷி சரிந்துகொண்டிருக்கிறாள், பக்கத்தில் பொங்கல் இருக்கிறது, பெற்ற மகன் அவளைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான், நடுவில் அவன் கையாலேயே எழுதிய வரிகள் இருக்கின்றன.

கோபிக்கு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க நேரமில்லை. முகமை செய்த மாற்றங்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, விசிலின் புதுப் பதிப்பை அப்படியே இழுத்தான். கம்ப்யூட்டர் வழக்கம்போல் நின்று கேட்டது. உன்னுடையது வேண்டுமா, அவர்களுடையது வேண்டுமா. அவர்களுடையது என்றான். அடுத்த இடத்தில் நின்று கேட்டது. அவர்களுடையது. இயக்குநரின் படம் வேண்டுமா என்றது. அவர்களுடையது. வலமா என்றது. அவர்களுடையது, அவர்களுடையது, எல்லாமே அவர்களுடையது.

பாதை முழுக்க எல்லா மையங்களிலும் திரைகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. வாயு லிங்கத்துத் திரையில் முதல் வரியாகச் சிவப்பில் எல்லம்மாள் பெயர் வந்தது. ஊசி போட்டவர், உணவு இல்லாமல் பிரிந்தவர், உடனே கவனிக்கவும் என்று கோபி அடித்த குறிப்பும் கூடவே வந்தது. பக்கத்து முகாமிலிருந்து நர்ஸ் ஓடிவந்து, படுத்திருந்தவரை நிமிர்த்திச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார். குபேர லிங்கத்தில் பொன்னிக்கு அம்புக்குறி பின்பக்கம் காட்டியது, அட்டை மாட்டியவர் குழம்பிப்போய்க் கையை எடுத்துவிட்டார். கருப்பனின் மகன் அடி அண்ணாமலைக் கடைத்தெருவில் கிடைத்தான். அவன் அப்பாவைப் பார்த்ததும் முதலில் திட்டினான், அப்புறம் அழுதான். அன்று பொழுது சாய்வதற்குள் பாதையில் பிரிந்தவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் சேர்ந்துவிட்டார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் நடந்தது வேறு. சுவரிலிருந்த பெரிய திரையிலும் ஊருக்கு நடுவிலிருந்த மின்பலகையிலும் ‘இல்லை’ மறைந்து, அந்த இடத்தில் எழுநூற்றுச் சொச்சம் என்று ஒரு எண் வந்தது. விருதுக் குழுவின் தலைவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “என்ன சார், காலையிலேர்ந்து ஒருத்தரும் இல்லைன்னீங்க?” என்றார். ராஜமாணிக்கம் கோபி இருந்த மூலையைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. அவன் ஒரு ஆட்டோவைப் பிடித்து, வந்த ஜனத்துக்கு எதிராக, வாயு லிங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

மறுவாரம் விசாரணை. ராஜமாணிக்கம் நடுவில், சந்திரகலா பக்கத்தில். அனுமதியின்றி எழுநூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்களைக் காணாமல் போகச் செய்தது என்பது கோபி மீதான குற்றம். சந்திரகலா அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“அவங்க முன்னாடியே காணாமப் போயிருந்தாங்க சார்” என்றான் கோபி.

“பலகை என்னா சொல்லிச்சி?”

“இல்லைன்னு.”

“நீ கை வெச்சப்புறம்?”

“எழுநூறு.”

“அப்ப தொலைச்சது யாரு? என் சர்வீஸ்ல ஒரு ஆளைத் தொலைச்சதில்லய்யா நான். ஒரே நிமிஷத்துல எழுநூறு பேரைத் தொலைச்சிட்டு நிக்கற.”

“எல்லாரும் கிடைச்சிட்டாங்களே சார்.”

சந்திரகலா தலையை ஆட்டினார். “கிடைச்சவங்கன்னு ஒரு பிரிவே அருள்வழியில கிடையாது. யாரும் தொலையாத எடத்துல யார் கிடைப்பாங்க? அதையும் நீங்களா சேர்த்திருக்கீங்க. அது தனிக் குற்றம்.”

பிறகு ராஜமாணிக்கம் குரலை இறக்கினார். அவர் கொடியவர் அல்ல, வழி வைத்திருந்தார். எல்லம்மாள் வந்து, தான் தொலையவே இல்லை, தனித்து வலம் வந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒருவர் தொலையவில்லை என்றால் மற்றவர்களும் தொலையவில்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்று முடித்துவிடலாம். கோபி பழைய மாற்றங்களை எல்லாம் திரும்பச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வேலையில் இருக்கலாம்.

எல்லம்மாள் வெளியே பெஞ்சில்தான் இருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இன்னும் முகம் தெளியவில்லை. அவருக்கு முன்னால் ராஜமாணிக்கம் மிக மரியாதையாகப் பேசினார்.

“அம்மா, நீங்க அன்னைக்குத் தொலையல தானே?”

“நான் எங்கியும் தொலையலீங்க சார். உக்காந்த எடத்துலதான் உக்காந்துகினு இருந்தேன். எம்புள்ள வருவான், இங்கியே இருக்கறேன்னு சொல்லச் சொல்ல உங்காளுங்கதான் வண்டியில ஏத்தி ஏத்தி எறக்கினாங்க.”

“முதல் வரி மட்டும் போதும்” என்று ராஜமாணிக்கம் சந்திரகலாவிடம் சொன்னார். சந்திரகலா எழுதினார். ‘நான் எங்கும் தொலையவில்லை.’ திருப்பி எல்லம்மாள் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினார். இது மகனுடைய வேலைக்காக என்பதையும் விளக்கிச் சொன்னார்.

எல்லம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டார். மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடறேங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் தொலையலன்னா, எம்புள்ள எதுக்குங்க என்னைத் தேடினான்?”

ராஜமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. கடைசியில் விஷயம் புரிந்த ஒருவரைக் கண்டுவிட்டார்.

“அதைத்தாம்மா நாங்களும் விசாரிச்சிக்கிட்டு இருக்கோம்” என்றார்.

எல்லம்மாள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். “வாப்பா, பஸ்ஸு போயிடும்” என்று கோபியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோபி போனைத் திறந்தான். நடந்ததைச் சுருக்கமாக எழுதி, நன்றி சொல்லி, விசில்காரர்களுக்கு முந்தின நாள் அனுப்பியிருந்தான். போர்ச்சுகல் பெண்ணிடமிருந்து பதில் வந்திருந்தது. மாற்றம் பயன்பட்டதில் சந்தோஷம் என்று ஒரு வரி. உன் அம்மா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று இன்னொரு வரி. முகமையில் இத்தனை பேர் இத்தனை நேரம் கேட்ட கேள்விகளில் இது இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அருள்வழியைப் பழையபடி ஆக்க சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. அம்புக்குறி மறுபடி வலமாக மட்டும் காட்டியது, வேன்கள் ஓடின. ஆனி பௌர்ணமியன்று எல்லம்மாள் பொன்னியோடு மலை சுற்ற வந்தார். இந்தத் தடவை சாப்பாட்டுப் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில், ‘காணாமல் போனவர்கள்: இல்லை’ என்று எரிகிற பலகைக்கு நேர் கீழே நின்று, தன் முந்தானையையும் பொன்னியின் முந்தானையையும் சேர்த்து இரட்டை முடிச்சாகப் போட்டார். இழுத்துப் பார்த்துக்கொண்டு இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள்.